பெரம்பலூர் ஸ்டேஷன் படுதா

பேரளியைத் தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. தலையில் என் துணிமூட்டை. கையில் பழைய வேட்டியில் சுற்றிய ஒரு போட்டோ. சட்டமும் கண்ணாடியும் போட்டது. கக்கத்தில் வைத்தால் வேர்வை பட்டு வழுக்கியது, கையில் தொங்கவிட்டால் விரல் மரத்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கை மாற்றிக்கொண்டு நடந்தேன். அரியலூர் போகிற, கரிப்புகையில் ஓடும் பஸ் முந்தின நாளே படுத்துவிட்டது. யுத்தம் முடிந்து ஒரு வருஷமாகியும் எங்கள் பக்கத்துக்குப் பெட்ரோல் பஸ் வந்து சேரவில்லை. இருபது மைலுக்குக் கொஞ்சம் குறைச்சல் என்றார்கள். இரண்டு பக்கமும் கரிசல், நடுவில் சரளை ரோடு. நிழலுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புளியமரம்.

போட்டோவோடு ஒரு பொய்யையும் கொடுத்தனுப்பியிருந்தார்கள். "பாலம் ரிப்பேருங்க, பெரம்பலூர் ரயில் பத்து நாளைக்கு ஓடாதுங்க." சொல்லிப் பழக வேண்டும் என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பெரம்பலூரில் ரயிலும் கிடையாது, ரயில் பாலமும் கிடையாது. இன்றைக்கும் கிடையாது.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயசு இருக்கும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு திருச்சியில் ஒரு காபி கிளப்பில் எச்சில் இலை எடுத்தேன், காரைக்குடிப் பக்கம் சுண்ணாம்பு அரைத்தேன், ஓட்டுச் சூளையில் ஒரு கோடைகாலம் முழுக்க வெந்தேன். எந்த இடத்திலும் யாரும் என்னை விரட்டவில்லை. ஆறு மாதம் ஆனால் கால் நிற்காது. பெரம்பலூரில் போட்டோ ஸ்டுடியோவில் சேர்ந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. என் கணக்கில் அது அதிகம்.

ஸ்டுடியோ என்றால் கடைத்தெருவை ஒட்டிய ஒரு வீட்டின் கொல்லைப்புறம். ஊரில் கரண்ட் எங்கும் வந்திராத காலம். வெயில்தான் விளக்கு. சுவரில் படுதாவைத் தொங்கவிட்டு, முன்னால் ஆட்களை நிறுத்திப் படம் எடுப்பார் முதலாளி. தண்ணீர் இறைப்பது, கண்ணாடித் தகடு கழுவுவது, படுதாவைக் கட்டுவது, அவிழ்த்துச் சுருட்டுவது எல்லாம் என் வேலை. முன்பு இருந்த படுதாவில் ஒரு குளமும் மாடிப்படியும் இருந்தன. நான் சேர்ந்த பிறகுதான் ரயில்வே ஸ்டேஷன் படுதா வந்தது.

அது வந்த கதை இப்படி. அரியலூர் ஸ்டேஷனுக்கு எதிரில் ஒரு காபி கிளப். அதன் சுவரில் ஒரு பெரிய போட்டோ மாட்டியிருந்தார்கள். முதன்முதலில் அரியலூருக்கு ரயில் வந்த அன்று எடுத்தது. வாழைமரம் கட்டிய பிளாட்பாரம், தலைப்பாகைக்காரர்கள் வரிசை, பின்னால் இஞ்சின், கீழே இடமிருந்து வலமாகப் பெயர்கள். பெரம்பலூர் ரைஸ்மில் முதலாளி ஒருநாள் சரக்கு எடுக்கப் போன இடத்தில் அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து காபி குடிக்க நேர்ந்தது. யாரோ பக்கத்து மேஜைக்காரர், உங்க ஊரில் இன்னும் காளைமாட்டுக்குத்தான் வாழைமரம் கட்டுகிறார்களா என்று கேட்டாராம். மனுஷர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டார். பத்தாம் நாள் திருச்சியிலிருந்து ஒரு நாடகப் படுதா ஓவியர் வந்து இறங்கினார்.

ஸ்டுடியோ கொல்லையில்தான் வரைந்தார். செங்கல் கட்டடம், மணி, புகைவிடும் இஞ்சின், மேலே மேகம். நடுவில் மஞ்சள் பலகையில் பெரம்பலூர் என்று தமிழிலும் இங்கிலீஷிலும். ஸ்டேஷன் பலகையில் கடல் மட்டத்திலிருந்து இத்தனை அடி உயரம் என்று போடுவார்களே, அதற்கு என்ன போடுவது என்று ஓவியர் கேட்டார். ஊர்ப் பெரிய மனிதர்கள் நாலைந்து பேர் கூடினார்கள். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ரைஸ்மில்காரர், "அரியலூர்ப் போர்டுல என்ன இருக்கோ அதுக்கு மேல இருபது அடி கூட்டிப் போடு" என்றார். அப்படியே போட்டார்.

அதற்குப் பிறகு கொல்லையில் கூட்டம். ரயிலுக்கு மனுப் போடுகிறவர்களும் வந்தார்கள், ரயிலையே பார்த்திராதவர்களும் வந்தார்கள். கல்யாண ஜோடி, சீட்டுக் கம்பெனிக்காரர், பிள்ளைத்தாய்ச்சி, பட்டாளத்திலிருந்து திரும்பியவன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உண்மையில் ரயிலுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரியே நின்றார்கள். படுதாவுக்கும் ஆளுக்கும் நடுவில் நாலடி விட வேண்டும், இல்லாவிட்டால் நிழல் துணியில் விழும். முதலாளி தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார். யாரும் கோட்டில் நிற்க மாட்டார்கள். ஊர்ப் பெயருக்கும் இஞ்சினுக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்வார்கள். முதலாளி கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் கத்துவார். முன்னால் வருவார்கள், மூடியைத் திறக்கும் நேரத்தில் மறுபடி பின்னால் போய்விடுவார்கள்.

ரைஸ்மில் குமாஸ்தாவும் அப்படித்தான் நின்றார். முப்பது வயசுக்குள், கிறிஸ்தவர், அமைதியான மனுஷர். தாய் தகப்பன் இல்லை, மாமாதான் பெண் தேடிக்கொண்டிருந்தார். கிழக்கே வரதராஜன்பேட்டையில் ஒரு விவசாயியின் பெண்ணைத் தரகர் சொன்னார். பெண்ணின் தகப்பனாருக்கு ஒரே ஒரு நிபந்தனை. ரயில் நிற்கிற ஊரில்தான் பெண்ணைக் கொடுப்பார். இதைவிட நல்ல இடங்கள் இரண்டை ரயில் இல்லை என்று தள்ளிவிட்டாராம். தரகர் ஒன்றும் பேசாமல் குமாஸ்தாவின் போட்டோவை எடுத்து நீட்டியிருக்கிறார். பெரம்பலூர் என்று எழுதியிருக்கிறது, பின்னால் இஞ்சின் நிற்கிறது. தகப்பனார் சம்மதித்துவிட்டார்.

வியாழக்கிழமை அவரிடமிருந்து மாமாவுக்குக் கார்டு வந்தது. வெள்ளிக்கிழமை அரியலூரில் ரயில் ஏறிப் பெரம்பலூர் வருகிறேன், மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும் என்று. மாமாவும் தரகரும் ஸ்டுடியோவுக்கு ஓடி வந்தார்கள். முதலாளியையும் சேர்த்து மூன்று பேரும் அரை நாள் யோசித்தார்கள். யோசித்ததில் வந்ததுதான் அந்தப் பாலம். ஆளை அரியலூரிலேயே மடக்கி, மாப்பிள்ளையின் பெரிய படம் ஒன்றைக் கொடுத்து, மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். கல்யாணம் ஆன பிறகு ரயில் என்ன, ரோடு என்ன. குமாஸ்தா கதவோரம் நின்றிருந்தார். என்னை அனுப்புவது என்று முடிவானது. நான் துணிமூட்டையைக் கட்டியபோது, ஒரு நாள் வேலைக்கு எதற்கு மூட்டை என்று முதலாளி கேட்டார். பழக்கம் என்றேன்.

அரியலூர் போய்ச் சேரும்போது மூன்று மணிக்கு மேல் இருக்கும். ஸ்டேஷனுக்குள் நுழையும்போதே சிரிப்புச் சத்தம். டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்கு முன்னால் ஒரு பெரியவர், அறுபதுக்குப் பக்கம், கழுத்தில் வேதக்காரர்கள் போடும் உத்தரியக் கயிறு, தோளில் ஒரு துணிப்பை. கையில் சின்ன போட்டோவைத் தூக்கிப் பிடித்திருந்தார். சுற்றி நாலைந்து போர்ட்டர்கள்.

"பெரியவரே, பெரம்பலூருக்கு டிக்கெட் அடிக்கிற மெஷின் இன்னும் சீமையிலேர்ந்து வரல. வந்ததும் ஆள் அனுப்பறேன்" என்றார் ஜன்னலுக்குள் இருந்த டிக்கெட் குமாஸ்தா.

"மாட்டுவண்டிக்குப் பின்னால ரெண்டு பெட்டி கோத்துத் தரலாங்களா சார்?" என்றான் ஒரு போர்ட்டர்.

பெரியவர் கோபப்படவில்லை. போட்டோவை ஜன்னல் கம்பியில் ஒட்டினாற்போல் வைத்து, "எனக்குப் படிக்கத் தெரியுங்கய்யா. போர்டுல எழுதியிருக்கில்ல, நீங்களே பாருங்க" என்றார். காலையிலிருந்து இதே பேச்சாக இருந்திருக்க வேண்டும். குரல் தேய்ந்திருந்தது.

நான் போய்ப் பக்கத்தில் நின்று, பெரம்பலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அனுப்பியதாகச் சொன்னேன். பிறகு பாலத்தைச் சொன்னேன். இருபது மைல் பழகியதால் தடங்கலில்லாமல் வந்தது.

அந்த மனுஷர் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா சார்? பாலந்தான் ரிப்பேராம். ஸ்டேஷனே இல்லேன்னுட்டீங்களே" என்றார். டிக்கெட் குமாஸ்தா என்னை ஒரு பார்வை பார்த்தார். டிக்கெட்டுகளை எண்ணத் தொடங்கினார். போர்ட்டர்களும் கலைந்தார்கள்.

வேலை அத்தோடு முடிந்தது. படத்தைக் கொடுத்துவிட்டு நடந்திருக்கலாம். ஆனால் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு எதிரில் இருந்த காபி கிளப்புக்கு அழைத்துப் போனார். காலையிலிருந்து நான் இரண்டு கிணற்றுத் தண்ணீரைத் தவிர எதுவும் சாப்பிடவில்லை. அவர் பையை அவிழ்த்து அதிரசம் எடுத்து வைத்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு என்று சுட்டது.

"சாப்பிடுங்க தம்பி. பாலம் கட்டி முடிக்கற வரைக்கும் இது தாங்காது."

நான் சாப்பிட்டேன். நாலு தின்றேன். அவர் பேசிக்கொண்டிருந்தார். மூத்த பெண்ணைக் கொள்ளிடக்கரையில் ஒரு ஊரில் கொடுத்திருந்தாராம். நல்ல குடும்பம், நல்ல நிலம். பிரசவத்தில் சிக்கல் வந்தபோது ஐப்பசி மழை. வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டவர்கள் சேற்றில் இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். வண்டியிலேயே போய்விட்டாள், குழந்தையும் சேர்ந்து. இதையெல்லாம் அழாமல்தான் சொன்னார். நெல்லில் பூச்சி விழுந்ததைச் சொல்வது மாதிரி சொன்னார். சின்னப் பெண்ணையாவது வண்டிமாட்டை நம்பாத ஊரில் கொடுக்க வேண்டும் என்று தேவமாதா பீடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி நேர்ந்துகொண்டாராம்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் பெண் பேரையும் மாப்பிள்ளை பேரையும் படித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று அறிவிப்பாராம். அதை அவர்கள் ஓலை வாசிப்பது என்கிறார்கள். தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் பாவமாம்.

"ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. ஒருத்தரும் வாயத் தெறக்கல. நாளன்னிக்கு மூணாவது" என்றார். "அதுக்குள்ள ஒருதடவை ஸ்டேஷன்லேர்ந்து வூடு எவ்வளவு தூரம்னு நடந்து பாத்துடலாம்னுதான் வந்தேன். நீங்க அந்த ஊருதானே. நீங்களே சொல்லுங்க தம்பி. மாப்பிள்ளை வூட்லேர்ந்து ஸ்டேஷனுக்கு ஒரு கட்டிலைத் தூக்கிட்டு ஓடுனா எவ்வளவு நேரம் ஆகும்?"

நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். வேலை கேட்கும்போது ஊரை மாற்றிச் சொல்வேன், ஜாதியை மாற்றிச் சொல்வேன், அப்பன் செத்துவிட்டான் என்பேன். இதற்கும் கால் மணி, அரை மணி என்று எதையாவது சொல்லியிருக்கலாம். அவர் அதை மனசில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

வேட்டியைப் பிரித்துப் பெரிய படத்தை மேஜைமேல் வைத்தேன். அவர் அதைச் சந்தோஷமாகத்தான் பார்த்தார். சின்னப் படத்தில் தெரியாதது இதில் தெரிந்தது. மாப்பிள்ளையின் தலைக்கு வலது பக்கம், மேகத்துக்கு நடுவில், இன்னொரு தலை கறுப்பாக.

"ஐயா, ஆகாயத்துல நிழல் விழுமாங்க?" என்று கேட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. விரலை வைத்துக் காட்டினேன். பிறகு சுவரில் இருந்த படத்தைக் காட்டினேன். ரைஸ்மில்காரரைக் காபியை வைத்துவிட்டு எழ வைத்த அதே படம். பழுப்பேறியிருந்தது. அதில் யார் நிழலும் மேகத்தில் இல்லை. எல்லார் நிழலும் பிளாட்பாரத்தில் கால்மாட்டில் கிடந்தது. ஒருவர் அசைந்துவிட்டதில் முகமே புகையாகிப் போயிருந்தது. இஞ்சினுக்குப் பக்கத்தில் பாதி உடம்பு மட்டும் படத்தில் விழுந்த நாய் ஒன்று நின்றது. பெரியவர் எழுந்து போய் அதைக் கிட்டத்தில் பார்த்தார். திரும்பி வந்து மேஜைமேல் இருந்ததைப் பார்த்தார். இப்படி இரண்டு தரம்.

"துணியா?"

"துணிங்க. நாந்தான் சாயந்தரம் அவுத்துச் சுருட்டி வெப்பேன். ஊர்ல ரயில் இல்லீங்க. பாலமும் இல்லீங்க. சொல்லச் சொல்லித்தான் அனுப்பிச்சாங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். கிளப் முதலாளி கூடக் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். பெரியவர் ரோட்டைப் பற்றிக் கேட்டார். சரளை ரோடு, திருச்சிக்கு நேர் வழி, பகலில் பஸ் உண்டு என்றேன். பொழுது போனால்? இல்லை என்றேன். மழையில்? நின்றுவிடும் என்றேன். டாக்டர்? ஒருவர் இருக்கிறார், கத்தி வைக்கிற வேலை என்றால் திருச்சிதான் என்றேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கடைசியாக, "மாப்பிள்ளைக்குத் தெரியுமா?" என்றார்.

இதைத்தான் கேட்காமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ரைஸ்மில் குமாஸ்தா எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஒரு தரம் நான் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர்.

"நேத்து பேசறப்ப அவரும் இருந்தாருங்க."

"ஒண்ணும் சொல்லலியா?"

"பேசாம நின்னாருங்க."

"பேசாம நின்னாரு" என்று அவரும் சொல்லிக்கொண்டார். பிறகு சாமியாரைப் பார்த்து மூன்றாவது ஓலையை நிறுத்தி வைக்கச் சொல்வதாகச் சொன்னார். இரண்டு ஓலை வாசித்து நின்ற பெண் என்று ஊரில் பேசுவார்கள், அடுத்த இடம் சுலபத்தில் அமையாது. இது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரிந்தது. படத்தை மறுபடி வேட்டியில் சுற்றித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இது எதற்கு என்று கேட்டேன்.

"நான் வேணாம்னு சொன்னா அப்பன் கெடுத்தான்னு ஆயிடும். அவளே பாக்கட்டும் தம்பி. எங்க நிழல் விழுந்திருக்குன்னு காட்டறேன். அப்பறமும் கட்டிக்கறேன்னா அது அவ பாடு."

ஜெயங்கொண்டம் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஆனாலும் அவர் நேராகப் பஸ் நிற்கிற இடத்துக்குப் போகவில்லை. ஸ்டேஷனுக்குள் போனார். நானும் பின்னால் போனேன். ஜன்னலுக்கு முன்னால் நின்று, "சார், நீங்க சொன்னதுதான் சரிங்க. அந்த ஊர்ல ரயில் இல்ல" என்றார். டிக்கெட் குமாஸ்தா எழுந்து நின்றுவிட்டார். உட்காருங்க பெரியவரே, தண்ணி குடிக்கறீங்களா என்று கேட்டார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு வெளியே வந்தார். பஸ் ஏறும்போது மிச்ச அதிரசத்தை என் மூட்டையில் திணித்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை என்று பின்னால் அந்தப் பக்கத்து வண்டிக்காரர் ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பெண் என்ன முடிவு செய்தாள் என்று அவருக்குத் தெரியவில்லை. நானும் தேடிப் போய்க் கேட்கவில்லை. நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அந்தக் கட்டிலைப் பற்றி அவர் கேட்காமல் இருந்திருந்தால், அதிரசத்தைத் தின்றுவிட்டுப் பாலத்தையே சாதித்திருப்பேன்.

அவர்கள் பொய்யை உடைத்துவிட்டுப் பெரம்பலூருக்குத் திரும்பிப் போக வழி இல்லை. பஸ் போன பிறகுதான் அது உறைத்தது. வருத்தம் என்று பெரிதாக இல்லை. கால் வீங்கியிருந்தது, அதுதான் பெரிதாகப் பட்டது. ஸ்டேஷனில் மூன்றாம் வகுப்புப் பயணிகள் கூடத்தில் மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்தவன் விடிந்துதான் எழுந்தேன்.

குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, கூட்ஸ் ஷெட் மேஸ்திரி ஆள் தேடிக்கொண்டு வந்தார். கடலை மூட்டை ஏற்ற ஒரு ஆள் குறைகிறது, காலை வண்டி வருவதற்குள் வேகன் நிறைய வேண்டும் என்றார். என் பின்னங்கழுத்தைக் கையால் அமுக்கிப் பார்த்தார். முன்னால் மூட்டை தூக்கியிருக்கிறாயா என்று கேட்டார். இல்லை, சுண்ணாம்புக் கூடை தூக்கியிருக்கிறேன் என்றேன். அது போதும் என்றார். ஒரு பழைய சாக்கைக் கொடுத்தார். அதை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஏழாவது ஆளாக வரிசையில் போய் நின்றேன்.